அறுநூறு கிராம் ஜாஸ்தி

கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் யாராவது முன்கூட்டியே ஒரு விஷயத்தைச் சொல்லிவைப்பது நல்லது. அந்த மனிதருக்கு ஆசைகூடக் கணக்காகத்தான் வரும். எனக்கு யாரும் சொல்லவில்லை. 2007-இல் கல்யாணமாகிச் சிதம்பரத்துக்கு வந்தேன். மூன்று வருஷம் அவர் பள்ளிக்கூடமும் டியூஷனுமாக ஒழுங்காகத்தான் இருந்தார். 2010 கோடை விடுமுறையில் புதுச்சேரியில் பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதைச் சிதம்பரம் வரைக்கும் மிதித்தே கொண்டுவந்து சேர்த்தார். வாசலில் இறங்கியபோது முகம் வெந்த இறால்போல இருந்தது. பிடித்துக்கொண்டுபோய் ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தேன். மூச்சு திரும்பியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பொங்கல் லீவுல ரெண்டு பேரும் தஞ்சாவூர் போறோம். சைக்கிள்ல."

சைக்கிள் எனக்குப் புதிதல்ல. தேவனாம்பட்டினத்தில் பிறந்து, கடலூருக்குப் பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் சைக்கிளில் போய்ப் படித்தவள் நான். இப்போதும் நான் பாடம் எடுக்கிற ஆரம்பப் பள்ளிக்குச் சைக்கிளில்தான் போகிறேன். பத்து கிலோமீட்டர் தாண்டினால் தொடையைப் பிடித்துக்கொள்கிறவர் அவர்தான். அதனால் சரி என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். வழியில் லாட்ஜ் கிடையாதாம். லாட்ஜில் தங்கினால் அது வெறும் பிரயாணமாம். கூடாரம் அடித்துத் தங்கினால்தான் சைக்கிள் டூராம்.

"சைக்கிள்ல வரேன். கூடாரத்துல படுக்க மாட்டேன். இந்த ஜென்மத்துல மாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"புழுங்கும்."

அந்த ஒரு வார்த்தைதான் நான் செய்த தப்பு. கணக்கு வாத்தியாரிடம் ஒரு காரணத்தைச் சொன்னால் அதை அவர் மனக்குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். வீட்டுப்பாடமாக எடுத்துக்கொள்வார்.

உண்மையான காரணம் வேறு. 2005-இல் நான் ஐந்து மாதம் கூடாரத்தில் இருந்தேன். சுனாமியில் எங்கள் வீடு போனது. அம்மா, நான், தம்பி மூன்று பேரும் மிஞ்சினோம். அப்பா அதற்கு நாலு வருஷம் முன்பே உடம்பு முடியாமல் போய்விட்டார். கூடாரத்தில் புழுக்கம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. மத்தியானத்தில் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்தால் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆனால் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு வெயிலெல்லாம் ஒரு கஷ்டமா? என்னால் தாங்க முடியாமல் போனது வாசல்.

வாசல் என்று சொன்னது ஒரு தொங்கும் துணி. அதைக் கட்டுகிற கயிறு வெளிப்பக்கம் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைத் தூக்கிப் பார்த்தார்கள். கணக்கெடுக்க வந்தவர் தூக்கினார், போர்வை கொடுக்க வந்தவர் தூக்கினார், ஆறுதல் சொல்ல வந்தவர் தூக்கினார், ஒரு வேலையும் இல்லாமல் பார்த்துவிட்டுப் போக வந்தவர் நன்றாக மேலே வரைக்கும் தூக்கினார். எங்கள் ஊரில் யார் வேண்டுமானாலும் யார் வீட்டுக்குள்ளும் போவார்கள். பகலில் கதவைச் சாத்துகிற பழக்கமே கிடையாது. ஆனால் சந்து முனையில் வரும்போதே "யக்கா, இருக்கியா?" என்று ஒரு குரல் கொடுத்துவிடுவார்கள். குரல் முதலில் வீட்டுக்குள் வரும், ஆள் பின்னால் வருவார். அதற்குள் நாம் மாராப்பைச் சரிசெய்துகொள்ளலாம், புருஷன் பெண்டாட்டி சண்டையை நிறுத்திக்கொள்ளலாம், அழுதுகொண்டிருந்தால் முகத்தைத் துடைத்துக்கொள்ளலாம். கூடாரத்துக்கு வந்த பெரிய மனிதர்கள் ஒருவருக்கும் இந்தச் சின்ன விஷயம் தெரிந்திருக்கவில்லை.

ஒருநாள் நான் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது துணி மேலே போனது. கையில் கேமராவோடு ஒருவர் நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பிளாஸ்டிக் வாளியோடு நின்றார்கள். நான் கீழே கிடந்த பாயை இழுத்து உடம்பில் சுற்றிக்கொண்டேன். அவர், "பரவால்லம்மா, பரவால்ல" என்றார். ஏதோ நான் தப்பு செய்துவிட்ட மாதிரியும், அவர் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்ட மாதிரியும் சொன்னார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வாளி நல்ல வாளிதான், குறை சொல்லக் கூடாது. அதற்குப் பிறகு கூடாரத்தில் நான் நிம்மதியாக ஒருநாள்கூடத் துணி மாற்றவில்லை, தூங்கவும் இல்லை.

இதை என் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதில்லை. வெட்கம் ஒரு பக்கம். சொன்னால் அவர் முகம் வாடிவிடும், பிறகு அந்த முகத்தையும் நானேதான் தேற்ற வேண்டியிருக்கும் என்ற சோம்பல் இன்னொரு பக்கம். அதனால்தான் புழுக்கம் என்றேன். அவர் புழுக்கத்தைத் தீர்க்கக் கிளம்பினார்.

முதலில் போனது பந்தல்காரரிடம். சிதம்பரத்தில் கூடாரம் வேண்டுமென்றால் வேறு யாரிடம் போவது? வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன். கடை முழுக்கச் சவுக்குக் கம்பும் ஷாமியானாவும் அடுக்கியிருந்தது. பந்தல்காரர் நோட்டை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"கல்யாணமா சார், காரியமா?"

"ரெண்டும் இல்ல. சைக்கிள் டூரு."

"எத்தினி இலை விழும்?"

"ரெண்டு பேருதான்."

பந்தல்காரர் என்னை ஒருமுறை பார்த்தார், அவரை ஒருமுறை பார்த்தார். பேனாவை மூடிவிட்டார். "ரெண்டு பேருக்கு எதுக்கு சார் பந்தலு? ஒரு கொடை வாங்கிக்கலாமே" என்றார். இவர் விடவில்லை. மழை தாங்க வேண்டும், காற்று வர வேண்டும், மொத்தம் இரண்டு கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று விளக்கினார். பந்தல்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க கயிறே ரெண்டு கிலோ இருக்கும் சார்" என்றார். வீடு வந்து சேரும்வரைக்கும் நான் சிரித்துக்கொண்டே வந்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்தது பிரவுசிங் சென்டர். டியூஷன் முடிந்ததும் தினமும் ஒரு மணிநேரம் அங்கே போய் உலகத்துக் கூடாரங்களையெல்லாம் பார்த்துவிட்டு வருவார். நூறு பக்க நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு எழுதுவார். கம்பு அலுமினியமா ஃபைபரா, எத்தனை வாசல், மடித்தால் எத்தனை அங்குலம், துணி எவ்வளவு மழை தாங்கும் என்று பத்துப் பன்னிரண்டு கட்டம். எல்லாவற்றுக்கும் முதல் கட்டம் எடை. ராத்திரி சோறு போடும்போது எனக்குப் பாடம் நடக்கும். ஃபைபர் கம்பு வெயிலில் வெடித்துவிடுமாம். ஆணி அடித்தால் மட்டும் நிற்கிற கூடாரம் மண் தரைக்குத்தான் ஆகுமாம். தானாக நிற்கிறதுதான் நம் ஊருக்குச் சரியாம், இங்கே பாதி இடம் சிமெண்டுத் தரை. நான் ரசம் வேண்டுமா என்று கேட்பேன். வேண்டாம், காற்றோட்டம்தான் முக்கியம் என்பார்.

கிராம் பைத்தியம் பிடித்தது அப்போதுதான். எங்கள் தெரு மளிகைக் கடையில் புதிதாக எலெக்ட்ரானிக் தராசு வைத்திருந்தார்கள். எதைப் பார்த்தாலும் எடுத்துக்கொண்டு அங்கே ஓடுவார். டார்ச் லைட், சோப்பு டப்பா, என் சீப்பு எல்லாம் அந்தத் தராசில் ஏறி இறங்கின. கடைக்காரர் ஒருநாள், "சார், அரிசி பருப்பு ஏதாவது வாங்கி நிறுத்தாத்தான் எங்களுக்குப் பொழப்பு" என்று சொல்லிவிட்டார். அந்த ரோஷத்தில் அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு வந்தார். டூத்பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக ஒடித்து எறிந்தார். ஆறு கிராம் மிச்சமாம். துண்டை இரண்டாகக் கிழித்தார்.

"மொதல்ல அந்தத் தொப்பையக் கொறைங்க. மூணு கிலோ அங்கயே இருக்கு" என்றேன்.

"அது வண்டியோட வெயிட்ல சேராது" என்றார். எந்தக் கணக்கில் சேராது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கடைசியில் நோட்டில் ஒரு கூடாரத்துக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டார். என் தம்பி அப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். தம்பியும் வாங்கிக்கொண்டு வந்தான். ஒரு கிலோ எழுநூறு கிராம். பையைப் பிரித்து எடுத்தால் பாதிக்குமேல் வலை. நாலு பக்கமும் இடுப்பு உயரம் வரைக்கும் கொசுவலை, மேலே ஒரு சின்னப் போர்வை, அதுவும் முழங்கால் தெரிகிற பாவாடை மாதிரி பாதியில் நின்றது.

"ஒனக்காகத்தான் பாத்துப் பாத்து எடுத்தேன். இதுல காத்து அடிக்கிற மாதிரி எதுலயும் அடிக்காது" என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை.

"வலைக்குள்ள எங்க ஊர்ல மீனுதான் படுக்கும்" என்றேன். சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். எனக்கோ, ஒரு பொய்யைச் சொல்லி, அந்தப் பொய்க்கு மருந்தாக என்னை ஊரே பார்க்கிற மாதிரி ஒரு கூட்டை வரவழைத்துக்கொண்டேனே என்று என்மேலேயே கோபம் வந்தது.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் அதை நிறுத்தினார். முதலில் ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கி, கூடாரத்து நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்தார். அதற்கு நெற்றி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு என்னை ஒரே ஒரு தடவை உள்ளே படுத்துப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினார். பகல்தானே, நம்ம மாடிதானே, அஞ்சே நிமிஷம்தானே என்றார். படுத்தேன். அவர் விசிறிக்காம்பு மாதிரி ஒன்றில் நூலைக் கட்டிக் காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்க மாடியின் அந்தக் கோடிக்குப் போனார்.

கண்ணை மூடிக்கொண்டேன். காற்று வந்தது உண்மைதான். அப்போது எங்கள் வீட்டு ஓனரம்மா காய்ந்த துணி எடுக்க மேலே வந்திருக்கிறார். புதிதாக ஏதோ நிற்கிறதே என்று ஆவல். குனிந்து, வாசலைத் தூக்கி, தலையை உள்ளே விட்டார். நான் கண்ணைத் திறந்தால் என் முகத்துக்கு நேரே ஒரு முகம்.

என் தொண்டையிலிருந்து எப்படி அப்படி ஒரு குரல் வந்தது என்று தெரியவில்லை. "யாரக் கேட்டுத் தூக்குன நீ?" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். ஓனரம்மா கையிலிருந்த துணி மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, "நான்தாம்மா, நான்தான்" என்று பின்னாலேயே நகர்ந்தார். என் அம்மாவைவிட வயதில் பெரியவர். வாடகையை ஒருநாள்கூடக் கேட்டு வாங்காதவர். அவரைப் போய் நீ என்று சொல்லிவிட்டேன். கூடாரத்தை விட்டு வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், கீழே இறங்கிப் போய்விட்டேன்.

என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் கழித்து வந்தார். நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வேண்டாத அளவுக்கு நறுக்கிவிட்டேன். நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வாசல் துணி, வெளிப்பக்கத்துக் கயிறு, கேமரா, பரவால்லம்மா. சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. வாத்தியாருக்கு அது சின்ன விஷயமில்லை. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த நீல வாளியா?"

"ஆமா."

தேவனாம்பட்டினம் போகும்போதெல்லாம் அம்மா அவருக்கு அந்த வாளியில்தான் வெந்நீர் விளாவி வைப்பாள். அடுத்த வாரம் நாங்கள் போனபோது, வாளியில் குளிக்க மாட்டேன் என்று தவலையிலிருந்து மொண்டு மொண்டு குளித்துவிட்டு வந்தார். மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வாளி ஓட்டையா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

அன்றைக்குத்தான் தம்பி திரும்பச் சிங்கப்பூர் கிளம்புகிறான். நான் பின்பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். முன் அறையில் இரண்டு பேரும் பேசுவது நன்றாகக் கேட்டது.

"மச்சான், இதத் திரும்ப எடுத்துட்டுப் போயி மாத்திடு. பில்லு வச்சிருக்கேல்ல?"

"ஏன் மாமா? இதத்தான கேட்டீங்க? படமெல்லாம் அனுப்புனீங்களே."

"வலை வேணாம். முழுசும் துணி போட்டது. தரை வரைக்கும் மூடணும். வெளியேருந்து ஒண்ணும் தெரியக் கூடாது."

"அது அறுநூறு கிராம் ஜாஸ்தி மாமா. பல்லு வெளக்குற பிரஷ்ஷயே ஒடச்சவரு நீங்க."

"தெரியும்."

"புழுங்குமே. அக்காவுக்குப் புழுக்கம் ஆவாதுன்னீங்க."

"ஆவும்" என்றார் அவர்.

கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் காதல் வந்தது என்று எழுதினால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். கையில் கிழங்கான் மீனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஆறு கிராமுக்காகப் பிரஷ்ஷை ஒடித்த மனுஷன், அறுநூறு கிராமை ஒரே வார்த்தையில் தூக்கித் தன் முதுகில் வைத்துக்கொண்டார்.

அதற்காக நான் ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. துணி கனமாக இருந்தால் மட்டும் தூக்குகிறவன் தூக்காமல் விடுவானா? ஓனரம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர், "தூக்கத்துல பயந்துட்ட, விடும்மா" என்று என் தலையில் திருநீறு போட்டு அனுப்பினார். கூடாரத்தைப் பற்றி நானும் வீட்டுக்காரரும் அதற்குமேல் பேசவில்லை. தஞ்சாவூர் வருவேன், தூங்குவது பற்றி அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

புதுக் கூடாரம் ஜனவரி ஆரம்பத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த கிள்ளைக்காரர் ஒருவர் பெட்டியில் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பச்சை நிறம். பையின்மேல் இரண்டு கிலோ முந்நூறு கிராம் என்று அச்சடித்திருந்தது. அம்மா அதைக் கையில் வாங்கி, ஒரு தடவை மேலே தூக்கிக் கீழே இறக்கினாள். முப்பது வருஷம் மீன் விற்ற கை.

"ரெண்டே முக்காலு இருக்கும் மாப்ள" என்றாள்.

"இல்ல அத்த, கம்பெனிக்காரனே போட்டிருக்கான் பாருங்க."

"போட்டிருப்பான். ஐஸு வச்சி நிறுத்தா நாங்ககூடத்தான் போடுவோம்."

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிதம்பரம் வந்து இறங்கியதும் நேராக மளிகைக் கடைக்குப் போனார். இரண்டு கிலோ எழுநூற்று நாற்பது. ஆணியும் கயிறும் பையும் சேர்க்காமல் கம்பெனிக்காரன் எடை போட்டிருக்கிறான். அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் என் தையல் டப்பாவிலிருந்து ஜாக்கெட் ஹூக் ஒன்றை எடுத்து, கூடாரத்து வாசலின் உள்பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்தார். ஜிப்பின் காதை உள்ளேயிருந்து மாட்டிக்கொள்வதற்காம். அந்த ஹூக்கின் எடையை அவர் நோட்டில் எழுதவில்லை, நான் பார்த்தேன்.

பொங்கல் முடிந்த மறுநாள் கிளம்பினோம். அவர் முன்னால், கூடாரம் அவர் கேரியரில். நான் பின்னால், அரைத் துண்டோடு. காட்டுமன்னார்கோயில் போய்ச் சேருவதற்குள் மூன்று இடத்தில் தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டார். வீராணம் ஏரிக்கரையில் தங்குவது என்று நோட்டில் திட்டம். கரையில் போய்ப் பார்த்தால், ஏரிக் காவல்காரர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டார். "இங்க பாம்பு ஜாஸ்தி சார். அதோ ரைஸ் மில்லுக் களத்துல கேளுங்க" என்றார்.

மில்லில் மேஸ்திரி மறுக்கவில்லை. களத்தில் ஒரு மூலையைக் காட்டினார். அறுவடைக் காலம், களம் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. தரை முழுக்கச் சிமெண்டு. ஆணி அடிக்க முடியாது, நம் கூடாரம் தானாகவே நிற்கும் என்று அவர் எனக்கு நினைவுபடுத்திக்கொண்டே கம்புகளைக் கோத்தார். நின்றது. நின்ற வேகத்தில் ஏரிக்காற்று ஒன்று வந்து அதை அப்படியே உருட்டிக்கொண்டு போனது. மில்லுக்காரர்கள் ஓடிப்போய்ப் பிடித்து வந்து, நாலு மூலையிலும் ஆளுக்கொரு நெல் மூட்டையைத் தூக்கி வைத்தார்கள். ஆக, ஐந்து மாதம் கிராம் கிராமாகக் கணக்குப் பார்த்து எடுத்த கூடாரத்தை முந்நூறு கிலோ நெல் பிடித்துக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஜாக்கெட் வேர்வையில் நனைந்திருந்தது. மாற்றிக்கொள்ள வேறு இடமில்லை. உள்ளே போய், ஜிப்பை இழுத்து, ஹூக்கை மாட்டினேன். மாற்றியும் முடித்தேன். வெளியே வர எழுந்தபோதுதான் காலடிச் சத்தம் கேட்டது. நெல்லைக் கூட்டிக் குவித்துவிட்டு, களத்தில் வேலை செய்த பெண்களெல்லாம் வந்துகொண்டிருந்தார்கள். சாயங்கால வெயில் அவர்களுக்குப் பின்னால் இருந்தது. பச்சைத் துணியின்மேல் பத்துப் பன்னிரண்டு நிழல்கள் வந்து நின்றன. ஜிப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

"உள்ள என்னா சார் இருக்கு?" என்றது ஒரு குரல்.

"என் வூட்டுக்காரம்மா இருக்காங்க."

சிரிப்பு எழுந்தது. "இதுக்குள்ளயா? மடிச்சி வச்சா எடுத்தாந்தீங்க?"

"நாங்களும் பாக்கலாமா சார்?"

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். தபால்காரருக்கும் பால்காரருக்கும்கூட அந்தக் கூடாரத்தைப் பிரித்துக் காட்டி விளக்கம் சொன்ன மனுஷன். ஒரு கூட்டமே வந்து கேட்கிறது. வாங்க வாங்க என்று சொல்லப்போகிறார், ஜிப்பை இழுக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்றார்.

அவர் நிழல் கிட்டத்தில் வந்தது. முட்டி மடக்குகிற சத்தம் கேட்டது. ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நிற்கிற மாதிரி, தணிந்த குரலில், "உள்ள வந்து பாக்கலாமான்னு கேக்குறாங்க. என்னா சொல்லட்டும்?" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வேண்டும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு வாய் இருக்கிறது என்பதைச் சுனாமிக் கூடாரத்தில் இருந்த ஐந்து மாதத்தில் ஒருவரும் நினைத்ததில்லை. நான் பேசாமல் இருந்ததை அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். எழுந்து போய், "இப்ப வேணாமாம்" என்றார்.

"அதுக்கென்னா சார். பாவம், மிதிச்சி வந்த அலுப்பு" என்றது முதல் குரல். நிழல்கள் திரும்பின. ஒன்றன்பின் ஒன்றாகத் துணியைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தன. ஒரு கைகூட வாசல் பக்கம் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜிப்பைத் திறந்து தலையை வெளியே நீட்டி, "யக்கா, போவாதீங்க. வாங்க" என்று கூப்பிட்டேன்.

இரண்டு பேர் படுக்கிற கூடாரத்தில் ஏழு பேர் உட்கார்ந்தோம். ஒருத்தி துணியைத் தடவிப் பார்த்தாள், ஒருத்தி கம்பை வளைத்துப் பார்த்தாள், ஒருத்தி இதில் எத்தனை மூட்டை நெல் பிடிக்கும் என்று கேட்டாள். புழுக்கம் தாங்கவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம். வாசலில் அவர் தலை தெரிந்தது.

"நானு வரலாமா?"

"இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவர் போய் நெல் மூட்டைமேல் உட்கார்ந்து காத்திருந்தார்.